வீட்டுக்குள் வந்த துப்பறிவாளன்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பாவு புணைப்பது என்று ஒரு வேலை உண்டு. தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாவு தீரப்போகும் சமயத்தில் அதைக் கடைசிவரை நெய்துவிட மாட்டார்கள். அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் கொஞ்சம் இழையை மிச்சம் விட்டு நிறுத்திக்கொள்வார்கள். புதுப் பாவைக் கொண்டுவந்து எதிரே கட்டி, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்குவார்கள். முடிச்சு கிடையாது, பசை கிடையாது. அந்த முறுக்கில்தான் இழை நிற்கும். ஒரு சேலைக்குப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். எல்லாவற்றையும் இப்படி ஒவ்வொன்றாகப் புணைத்து முடித்துவிட்டு மெல்ல இழுத்தால், பழைய பாவு போன வழியிலேயே புதுப் பாவும் அச்சுக்குள் நுழைந்து முன்னால் வந்து நிற்கும்.

என் பெரியம்மா புணைப்பதில் கைதேர்ந்தவள். பிள்ளைகள் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், வாய் கதை சொல்லும். ராஜா ராணிக் கதை அவளுக்குப் பிடிக்காது. கொலை, காணாமல்போன உயில், செத்துப்போனவன் திரும்பி வருவது, பெட்டிக்குள் ஆள், பூட்டின அறை, இவைதான். பரபரப்பான கட்டம் வந்ததும் நிறுத்திவிடுவாள்.

"பெரிம்மா, அப்புறம் இன்னா ஆச்சு?"

"இருடா, இழை அந்துடும்."

அவளே கட்டிச் சொல்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று. அவற்றில் பல எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஒரு மனிதரிடமிருந்து வந்தவை.

ஆரணி குப்புசாமி முதலியார் 1860களில் பிறந்து 1925இல் மறைந்தவர். 1915இல் நாகவேடு முனுசாமி முதலியார் சென்னையில் தொடங்கிய ஆனந்தபோதினி மாத இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். 70 நாவல்களுக்கு மேல் எழுதியவர். பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து தழுவல்கள். இன்றைக்கு ஆரணி என்றதும் பட்டுச்சேலை, அரிசி என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் ஞாபகம் வரும்? ஆனால் தமிழில் குற்றக்கதை என்றொரு வகை பிறந்த கதையைச் சொல்ல உட்கார்ந்தால், இவரைத் தாண்டிப் போக முடியாது. அதிலும் குற்றத்தைத் தேடிப் புறப்பட்டவன் கடைசியில் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கதை, இன்று திரையிலும் தொடர்களிலும் நாம் மாய்ந்து மாய்ந்து பார்க்கிற கதை, தமிழுக்கு வந்த வழிகளில் ஒன்று இவர் மேசை வழியாகத்தான் போகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆள் இவர் இல்லை. பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறி, தமிழ் நாவல் பிறந்து பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது; 1894இல் பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புத குற்றங்கள்’ எழுதினார். நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராகத் திரட்டியவர் அவர். பாட்டி சொன்ன கதையைக் காகிதத்தில் பிடிக்கத் தெரிந்த கைதான் தமிழில் முதல் துப்பறியும் கதையையும் எழுதியது என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. திருடன் பிடிபடுகிற கதை, மந்திரி மதியூகத்தால் வழக்குத் தீர்க்கிற கதை நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருந்தன. தானவனுக்குப் புதிதாக வந்தது போலீஸ் உடுப்பு.

அந்த உடுப்பு அந்தக் காலத்து மக்களுக்குப் பெரிய ஆறுதல் தருவதாக இல்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் அதிகாரிகள் சித்திரவதை செய்வது பற்றி விசாரிக்க அரசே ஒரு குழு போட வேண்டி வந்தது. 1855இல் வந்த அதன் அறிக்கை இன்று படித்தாலும் தூக்கத்தைக் கெடுக்கும். 1859இல் போலீஸ் சட்டம் வந்தது, 1906இல் இரகசியப் போலீஸ் பிரிவு வந்தது. ஆனாலும் சிவப்புத் தலைப்பாகை தெருமுனையில் தெரிந்தால் கதவைச் சாத்துகிற வழக்கம் போகவில்லை. அதனால்தானோ என்னவோ, தமிழ் வாசகர் மனதில் நின்ற துப்பறிவாளர்கள் அடிக்காதவர்களாக, யோசிப்பவர்களாக, ஸ்டேஷனுக்கு இழுக்காமல் வீட்டுக்கே வந்து கேட்பவர்களாக இருந்தார்கள். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன் அப்படி. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் அப்படி. குப்புசாமி முதலியாரின் ஆனந்த் சிங்கும் அப்படித்தான்.

ஆனந்த் சிங் என்ற பெயரில் எனக்கு ஒரு யோசனை. ஷெர்லாக் ஹோம்ஸைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் ஏன் ஒரு ‘சிங்’கைத் தேடினார்? ஒரு கந்தசாமியோ ராமசாமியோ என்றால் உடனே அவன் எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேள்வி வந்துவிடும். சிங் என்றால் கேள்வி நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் செஞ்சி தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. அந்தப் பெயருக்கு வீரம் உண்டு, ஆனால் நம் தெருவில் வீடு இல்லை. வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. இது என் ஊகம்தான், ஆனால் விட மனசில்லை.

அந்த வெளியாள் எப்படி வீட்டாள் ஆனான் என்பதற்கு வருகிறேன்.

குப்புசாமி முதலியாருக்குக் கை கொடுத்தவர்களில் பெரியவர் ரெயினால்ட்ஸ். 1844இல் லண்டனில் வாரம் ஒரு பென்னிக்கு நகரத்து இரகசியங்களை அவிழ்த்துவிடத் தொடங்கியவர். சொந்த நாட்டில் அவரை மறந்தபின்னும் இந்தியாவில் அவருக்கு இருந்த மவுசு குறையவில்லை. லண்டன் அரண்மனை இரகசியங்கள் பற்றிய அவருடைய நீண்ட தொடர் குப்புசாமி முதலியார் கையில் ‘இரத்தினபுரி இரகசியம்’ ஆகி, பாகம் பாகமாக வந்தது. லண்டனைத் தூக்கி இரத்தினபுரியில் வைத்துவிட்டார். பனியும் நிலக்கரிப் புகையும் போய் வெற்றிலைத் தட்டும் திண்ணையும் வந்தன.

இன்னொரு பக்கம் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில். மூன்றாவதாக ஒரு பிரெஞ்சுக்காரர், காஸ்தோன் லெரூ. அவருடைய கதையைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

லெரூ 1868இல் பிறந்தவர். ஏறக்குறைய நம் குப்புசாமி முதலியார் வயதுக்காரர். சட்டம் படித்து, நீதிமன்றச் செய்தியாளராக இருந்தவர். 1907இல் பாரிஸ் வார இதழ் ஒன்றில் தொடராக வந்தது அவருடைய மஞ்சள் அறை பற்றிய நாவல். குப்புசாமி முதலியாரின் நாவல் பட்டியலில் ‘மஞ்சளறையின் மர்மம்’ என்று ஒன்றைப் பார்க்கிறோம். எங்கிருந்து வந்தது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

மூலக் கதை இது. விஞ்ஞானி ஸ்டேஞ்சர்சனும் அவர் மகள் மத்தில்தும் ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகையில் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆய்வுக்கூடத்தை ஒட்டினாற்போல் மஞ்சள் சுவருள்ள சிறிய அறை. ஒருநாள் இரவு மகள் அந்த அறைக்குள் போய் உள்ளே தாழிட்டுக்கொள்கிறாள். தகப்பனும் கிழட்டு வேலைக்காரரும் வெளியே வேலையாக இருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி அரைமணி இருக்கும். உள்ளேயிருந்து ‘கொலை, கொலை’ என்று அலறல், துப்பாக்கிச் சத்தம். கதவை உடைத்துக்கொண்டு போகிறார்கள். மகள் நெற்றிப்பொட்டில் இரத்தம் வழியத் தரையில் கிடக்கிறாள். சுவரில் இரத்தக் கை. ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். வேறு ஆள் இல்லை. வந்தவன் எப்படிப் போனான்?

விசாரிக்க வருகிறவர்கள் இருவர். ஒருவர் பிரான்ஸே கொண்டாடும் போலீஸ் துப்பறிவாளர் லார்சான். இன்னொருவன் பத்திரிகைக்காரப் பையன், பதினெட்டு வயது, உருண்டைத் தலை, ரூல்தாபீல் என்று செல்லப்பெயர். லார்சான் அந்தப் பெண்ணுக்கு நிச்சயமான மாப்பிள்ளை மேல் சந்தேகத்தைக் கட்டி எழுப்பி, அவரைக் குற்றவாளிக் கூண்டு வரைக்கும் கொண்டுபோய்விடுகிறார். மாப்பிள்ளை வாயைத் திறக்க மறுக்கிறார். தலை போகிற வழக்கில், சம்பவத்தன்று எங்கே இருந்தேன் என்று சொன்னால் தப்பலாம். சொல்ல மாட்டேன் என்கிறார்.

பையன் கண்டுபிடிப்பது என்ன? தாக்குதல் நள்ளிரவில் நடக்கவே இல்லை. அன்று சாயங்காலமே, கதவு திறந்திருந்த நேரத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. மத்தில்து அதை ஒருவரிடமும் சொல்லாமல், கழுத்துக் காயத்தை உடைக்குள் மறைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல இரவு உணவு சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். நள்ளிரவில் கெட்ட கனவு கண்டு அலறினாள், சுட்டாள், விழுந்து மேசையின் சலவைக்கல் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அறை பூட்டியிருந்தது உண்மை. உள்ளே வேறு யாரும் இல்லாததும் உண்மை.

இதைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத்துப் பூட்டிய அறைக் கதைகளில் தலைசிறந்தது என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் அதன் சாமர்த்தியத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்த அறையைப் பூட்டியது தாழ்ப்பாள் இல்லை. அந்தப் பெண்ணின் வாய். தாக்கினவன் யார் என்று சொன்னால், இளம் வயதில் தகப்பனுக்குத் தெரியாமல் அமெரிக்காவில் ஒரு வஞ்சகனைக் கல்யாணம் செய்துகொண்டதையும் சொல்ல வேண்டிவரும். அந்த வஞ்சகன்தான் இன்று போலீஸ் துப்பறிவாளர் லார்சான் என்ற பெயரில் அவள் வீட்டு வரவேற்பறையிலேயே விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறான். அப்பாவின் மனம் உடையக் கூடாது, மானம் போகக் கூடாது. அதற்காக அவள் மௌனம், அவளுக்காக மாப்பிள்ளையின் மௌனம். ஒரு குடும்பத்தின் கூச்சம் ஒரு மர்மத்தை உண்டாக்கி, ஓர் அப்பாவியைத் தூக்குமேடை அருகே தள்ளிவிட்டது.

பையன் நீதிமன்றத்துக்கு வருகிறான். குற்றவாளியின் பெயரைச் சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான் சொல்வேன் என்கிறான். அந்த அவகாசத்தில் லார்சான் தப்பிவிடுகிறான். பையன் வேண்டுமென்றே தப்பவிட்டான். பிடிபட்டால் அவன் வாயிலிருந்து அந்தப் பெண்ணின் பழைய கதை வெளியே வரும். நீதிக்கும் ஒரு பெண்ணின் இரகசியத்துக்கும் நடுவே நின்று, அப்பாவியைக் காப்பாற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உண்மையை மட்டும் அவன் சொல்கிறான்.

ஏன் அவனுக்கு இவ்வளவு அக்கறை? முதல் நாவலில் இது ஒரு வாசனையாக மட்டும் வந்துபோகிறது. அடுத்த வருஷம், 1908இல் வெளிவந்த தொடர்ச்சியில் லெரூ போட்டு உடைக்கிறார். மத்தில்து அவன் தாய். லார்சான் அவன் தகப்பன். சிறுவயதில் விடுதிப் பள்ளியில் இருந்தபோது, கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் எப்போதாவது வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவாள். யார் என்று சொன்னதில்லை. செய்யாத திருட்டுக்குப் பழி வந்து அவன் அங்கிருந்து ஓடிப்போகிறான். முகம் மங்கிவிட்டது, அவள் மேலிருந்து வந்த வாசனைத் தைலத்தின் மணம் மட்டும் தங்கிவிட்டது. பத்து வருஷம் கழித்து, குற்றம் நடந்த வீட்டில் துப்புத் தேட வந்தவன் மூக்கில் அதே மணம்.

துப்பு என்றால் நமக்குக் கால்தடம், கைரேகை, சிகரெட் துண்டு. இங்கே தாயின் மணமே துப்பு. பிள்ளை தேடி வந்தது குற்றவாளியை. கிடைத்ததோ பெற்றவர்கள், இருவருமே ஒரே வழக்கில், ஒருத்தி தாக்கப்பட்டவள், ஒருவன் தாக்கியவன்.

கிரேக்கத்தில் ஈடிபஸ் அரசன் கதை இருக்கிறது. ஊரைப் பிடித்த பீடைக்குக் காரணமான கொலைகாரனைத் தேடி, அது தானே என்று கண்டுகொள்கிறான். லெரூவுக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் ஆரணி வாசகனுக்கு ஈடிபஸ் தேவையில்லை. வடார்க்காட்டில் கோடை வந்தால் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. கர்ண மோட்சம் ஆடுகிற இரவில், போர் நாள் நெருங்கியபின் குந்தி கர்ணனைத் தேடி வருகிற கட்டத்துக்காகத் தூங்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். பெற்றவள் மறைத்த பிள்ளை, பிள்ளைக்குத் தெரியாத தாய், தெரிந்தபின்னும் ஊருக்குச் சொல்ல முடியாத நிலை. விடியும்வரை இதைப் பார்த்து அழுதுவிட்டு வந்த ஊர் இது. பாரிஸ் பத்திரிகைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருப்பான். இங்கே அதற்கு விழுது கட்டித் தறி தயாராக இருந்தது.

தழுவல் என்ற வேலையே அப்படித்தான் எனக்குப் புரிகிறது. 1930களில் புதுமைப்பித்தன் தழுவல் கூடாது, மொழிபெயர்ப்புத்தான் வேண்டும் என்று கடுமையாக வாதாடினார். பிற நாட்டு எழுத்தை அதன் முகத்தோடு காட்ட வேண்டும், வேஷம் மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி. இலக்கியத்துக்கு அது சரி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூல ஆசிரியர் பெயரையே சொல்லாமல் விட்ட தழுவல்களை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தும் நாவல் என்றால் என்ன என்று தெரியாத ஒரு தலைமுறைக்கு, முதல் நாவலைக் கையில் கொடுத்தவர்கள் இந்தத் தழுவல்காரர்கள். நமக்குக் கதை கேட்கிற காது பழையது. அந்தப் பழைய இழையில் புது இழையை முறுக்கிவிட்டார்கள். முடிச்சுப் போட்டிருந்தால் அச்சில் மாட்டி அறுந்திருக்கும்.

இந்த நாவல்களைப் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஆனந்தபோதினி மாதம் ஒருமுறை தபாலில் வரும். புத்தகங்கள், வாங்கும்போது பணம் கட்டுகிற வி.பி.பி. தபாலில் வரும். விழுப்புரம் காட்பாடி ரயில் பாதையில் எங்கள் ஊருக்கான நிலையம் ஆரணி ரோடு; ஊரிலிருந்து தள்ளி, களம்பூரில் இருக்கிறது. அங்கிருந்து கட்டு வண்டியேறி வரும். ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள். பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் பத்திரிகைகளில் ஓயாமல் எழுதினார்கள். அவர்கள் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த நாவல்கள் பெண்களிடம் ஒரு கேள்வியை விட்டுச் சென்றன: வீட்டுக்குள் நடக்கிற குற்றத்தை யார் விசாரிப்பது?

ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1908இல் வந்தது. ஒரு சிறுபெண்ணைக் கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார் தகப்பன். பெண் காணாமல் போகிறாள், எரிந்த உடல் கிடைக்கிறது, பழி அவள் விரும்பினவன் மேல் விழுகிறது. கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்கிறார். வடுவூராரின் மேனகாவில் கொடுமைக்குத் திட்டம் போடுகிறவர்கள் புருஷனின் உடன்பிறந்தவர்கள். கொள்ளைக்காரன், கடற்கொள்ளைக்காரன் எல்லாரும் வேறு நாவல்களில் உண்டு. ஆனால் பதிப்புக்குப் பதிப்பு விற்றுத் தீர்ந்தவை, பிறகு சினிமாவானவை, வீட்டுக் குற்றங்கள். இராஜாம்பாளும் மேனகாவும் 1935இல் படமாயின. நாம் வெட்டரிவாளைவிட மாமியார் வீட்டுக்கு அதிகம் பயந்த சமூகம்.

ஆனால் இந்த வீட்டுக் குற்றங்களைத் தீர்த்தவர்களெல்லாம் வெளியிலிருந்து வந்த துப்பறிவாளர்கள். பார்த்தார்கள், தீர்த்தார்கள், போனார்கள். கோவிந்தனுக்கு வீடு உண்டா, அம்மா உண்டா என்று நமக்குத் தெரியாது. பின்னால் வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடிப்பார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பேசிப் பேசி நம்மைக் கட்டிப்போடுவார்கள். அவர்களுக்கு வலிக்காது. வலிக்கக் கூடாது என்பதுதான் அந்த வகைக் கதையின் ஒப்பந்தம்.

வலிக்கிற விசாரணையாளரைத் தமிழ்நாடு பெருங்கூட்டமாகப் போய்ப் பார்த்தது 1974இல். மகேந்திரன் எழுதி, சிவாஜி கணேசன் நடித்த தங்கப்பதக்கம். போலீஸ் அதிகாரிக்கு மகனே குற்றவாளி. கடைசியில் தகப்பன் கையால் சுடுகிறார். தேர்க்காலில் மகனைக் கிடத்திய மனுநீதிச் சோழன் காக்கி உடுப்பில் வந்ததாகத்தான் அன்றைய பார்வையாளர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அது நீதியின் கதை. குற்றவாளி யார் என்பது முதலிலிருந்தே தெரியும். தேடுதல் இல்லை. ரூல்தாபீலின் கதையோ தேடித் தேடி அறிந்துகொள்வதன் கதை. அந்த ஜாதிக் கதைக்குத் தமிழ் சினிமா இன்னும் நெருங்கி வந்தது 2011இல், மிஷ்கினின் யுத்தம் செய்யில். வழக்கை விசாரிக்கிற சி.பி.சி.ஐ.டி. அதிகாரியின் தங்கையே காணாமல் போயிருக்கிறாள். அவர் திறக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் தன் தங்கை இருந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அவர் குனிந்த தலையிலேயே தெரியும். 2016இல் வந்த துருவங்கள் பதினாறு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பழைய வழக்கை எடுத்துச் சொல்வதாகப் போய், சொல்கிறவரும் அந்த வழக்குக்கு வெளியே இல்லை என்ற இடத்தில் முடிகிறது.

இப்போது வருகிற பல கதைகளில் இந்த இழை தேய்ந்துவிட்டது என்பது என் வருத்தம். போலீஸ்காரருக்கு ஒரு பழைய காயம் வேண்டும் என்பது சடங்காகிவிட்டது. இறந்துபோன மனைவியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் ஆயிற்று. அந்தக் காயத்துக்கும் வழக்குக்கும் ஒட்டுறவே இருக்காது. லெரூ செய்ததும், அந்த நாவலைத் தமிழில் கொண்டுவரத் தேர்ந்தெடுத்தபோது குப்புசாமி முதலியார் கையில் எடுத்ததும் வேறு ஜாதி. அங்கே காயமும் துப்பும் ஒரே இழை. காயத்தை உருவிவிட்டால் கதையே அவிழ்ந்துவிடும்.

குப்புசாமி முதலியார் காலத்து நாவல்கள் இன்று பழைய புத்தகக் கடைகளில்கூடக் கிடைப்பது அரிது. அறிஞர்கள் மதிக்காததால் நூலகங்கள் வாங்கவில்லை, வாங்கிய வீடுகளில் படித்துப் படித்தே கிழிந்தன. காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர், மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய இத்தகைய நாவல்களையும் நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பின் அந்தச் சேகரிப்பே சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக 1994இல் உருவெடுத்தது. அவர் இல்லாவிட்டால் அந்தத் தலைமுறையின் கதை வாசிப்பைப் பற்றி நம்மால் பேசக்கூட முடிந்திருக்காது. அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.

பெரியம்மா வீட்டில் ஒரு புத்தகம் இருந்தது. தறிக்குழிக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில், தார்க்குச்சிகளுக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் நடுவில். அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை, கடைசியிலும் எத்தனையோ பக்கம் இல்லை. ஓரமெல்லாம் பழுப்பு. பக்கத்துக்குப் பக்கம் விரல் பட்ட இடத்தில் சாம்பல் கறை. எந்த நாவல், யார் எழுதியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே படித்துக் காட்டுவாராம். கடைசிப் பக்கங்கள் அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டன. அவளுக்கு முடிவு தெரியாது.

தெரியாததால் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு சொல்லுவாள். ஒருநாள் கொலைகாரன் சித்தப்பா. ஒருநாள் கணக்குப்பிள்ளை. நான் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டேன், "பெரிம்மா, எல்லாரையும் சொல்லிட்ட. துப்பறிய வந்தானே, அவன் யாரு? அவன் எந்த ஊரு?"

கை நிற்கவில்லை. பழைய இழை, புது இழை, ஒரு முறுக்கு.

"அவன் அந்த வூட்டுப் பிள்ளைதாண்டா. சின்ன வயசுல தொலைஞ்சு போனவன். இல்லன்னா எவன் இவ்ளோ தூரம் வந்து கேப்பான்?"